உப்புப் பார்க்க ஒரு மறதிக்காரர்

எங்கள் கீழத்தெருக்காரர்களுக்கு எதைச் சொன்னாலும் மண்டையில் ஏறாது என்று மேலத்தெருவில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். எங்களுக்கு நன்றாகவே ஏறும். சொன்னதைச் சொன்னபடியே செய்வோம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்த வருஷம் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் பள்ளிவாசல் ஹஜ்ரத் எங்களை உட்கார வைத்து, நோன்பு மாதத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினார். முதல் வரிசையில் மூன்று பேர் இருந்தோம். சேகனா காக்கா தையற்கடைக்காரர்; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். வயதில் மூத்தவர், அதனால் அறிவிலும் மூத்தவர் என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். மீராசா குடை ரிப்பேர் செய்பவன், அதுவும் மழையே பெய்யாத எங்கள் ஊரில். மூன்றாவது ஆள் கயிற்றுக்கடை கலந்தர், அதாவது நான். மற்ற இருவரையும் முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்த விஷயமும் அவர்களுக்குப் புரிந்த பிறகுதான் எனக்குப் புரியும்.

யாராவது வம்புக்கு வந்தால் 'நான் நோன்பாளி' என்று சொல்லி விலகிவிடுங்கள் என்றார் ஹஜ்ரத். சேகனா காக்காவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. முதல் நோன்பிலிருந்தே, பெருநாள் சட்டை தைத்தாயிற்றா என்று கேட்டு வந்த அத்தனை பேரிடமும் "நான் நோன்பாளி" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். சட்டைத்துணி கொடுத்தவர்களும் நோன்பாளிகள். ஆகவே அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நோன்பு திறப்பதைத் தாமதிக்காதீர்கள் என்றும் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஒரு நொடிகூடப் பிந்தக்கூடாது என்று மீராசா மாலை அஸர் தொழுகை முடித்த கையோடு பேரீச்சம்பழத்தை எடுத்து, உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்தபடி உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரம். சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொன்னபோது கை மரத்துப்போய் அசைய மறுத்தது. கையைக் கொண்டுபோக முடியாததால் நானும் காக்காவும் மீராசாவின் தலையைப் பிடித்துப் பழத்திடம் கொண்டுபோனோம்.

இதெல்லாம் சில்லறை. கஞ்சி விஷயம்தான் பெரியது.

பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பாவா, மகளின் பிரசவத்துக்காக ஐந்தாம் நோன்பன்று வெளியூர் போய்விட்டார். முந்நூறு பேருக்கான கஞ்சி. அஸருக்குப் பிறகு ஊரே தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும். பாதி வீடுகளில் அதை நம்பித்தான் நோன்பு திறப்பார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் மூவரும் முன்வந்தோம். ஹஜ்ரத் எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அல்லாஹ் லேசாக்கி வைப்பான் என்றார்.

அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி எல்லாம் போட்டாயிற்று. தேங்காய்ப்பாலும் ஊற்றியாயிற்று. கஞ்சி கொதித்து மணக்கும்போதுதான் உப்புப் போட்டது யார் என்ற கேள்வி வந்தது. மீராசா போட்டதைப் பார்த்ததாகக் காக்கா சொன்னார். கலந்தர் போட்டதாக மீராசா சொன்னான். காக்கா போட்டிருப்பார் என்றுதான் நான் நிம்மதியாக இருந்தேன்.

நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மூன்று பேருக்கும் நோன்பு. எதிர்க் கடை பழனிவேலைக் கூப்பிடலாம் என்றேன். காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நோன்பில்லாத நாக்குக்கு நோன்புக் கஞ்சியின் உப்பு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

அப்போதுதான் மீராசாவுக்கு ஹஜ்ரத் சொன்ன இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. நோன்பு இருப்பதை மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது. அப்படியானால் மூவரில் ஒருவர் மறந்தால் போதும். மூத்தவர் என்பதால் பொறுப்பைக் காக்கா ஏற்றுக்கொண்டார். அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"மறந்தாச்சா காக்கா?" என்றான் மீராசா.

"எதை?"

"நோன்பை."

காக்கா கண்ணைத் திறந்து அவனை வேதனையோடு பார்த்தார். "முக்கால்வாசி மறந்திருந்தேன்டா. கெடுத்துட்டியே."

நான்கு முறை இப்படி ஆனது. மறதி என்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்று காக்கா பெருமூச்சு விட்டார். உடனே எங்கள் மூவருக்கும் ஒரே பெயர் தோன்றியது. சதக்கு மாமா. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வியாழக்கிழமையே குளித்துச் சட்டை மாற்றி வந்து நின்றவர். பேரன் கல்யாணத்தில் தன் பேரைக் கேட்டதற்கு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்.

நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் காதில் நோன்பு என்ற சொல்லே விழக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். பாய் விரித்து உட்கார வைத்து, ஒரு கிண்ணம் கஞ்சியை முன்னால் வைத்தோம். மாமா எங்களை ஒருமுறை பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி, வழித்துக் குடித்தார்.

உப்பு எப்படி என்று காக்கா மெதுவாகக் கேட்டார்.

மாமா யோசித்தார். "பூண்டு நல்லா வெந்திருக்கு. உப்பைக் கவனிக்கலையே."

இரண்டாவது கிண்ணம் வைத்தோம். அதில் கறியைத்தான் கவனித்தாராம். மூன்றாவதில், என்ன கேட்டீர்கள் என்பதே மறந்துவிட்டதாம். அவருடைய மறதி எவ்வளவு உயர்ந்த மறதி என்று மீராசா என் காதில் வியந்தான். நான்காவது கிண்ணம் பாதியில் இருக்கும்போது, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்ய வந்த ஹஜ்ரத் உள்ளே எட்டிப் பார்த்தார்.

நாங்கள் மூவரும் கிண்ணத்தை மறைத்து நின்றோம். ஹஜ்ரத் அதிரவில்லை. மாமாவிடம், வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. மாமாவுக்கு இனி நோன்பே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று ஹஜ்ரத்தும் சொல்லியிருக்கிறார். மாமாவும் தினம் கொடுத்து வருகிறார்.

"மருமகள்மார் எல்லாம் நோன்போட இருக்கும்போது எனக்கு வீட்டுல சாப்பிட வெட்கமா இருக்கு," என்றார் மாமா. "கதவுக்குப் பின்னால நின்னு ரொட்டியைத் தண்ணியில நனைச்சுத் தின்னுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் மூணு பேரு பாய் போட்டு உபசரிச்சீங்க."

உப்பு எப்படி இருந்தது என்று ஹஜ்ரத் கேட்டார்.

"உப்பே இல்லை. என் வயித்துக்கு அதுதான் பதம். சொன்னா அடுத்த கிண்ணம் வராதே."

நான் மாமாவின் கிண்ணத்தை மறுபடி நிரப்பப் போனேன். ஆனால் காக்காவின் முகம் இறுகிவிட்டது. "அப்ப இவரு மறந்து சாப்பிடலை, தெரிஞ்சே சாப்பிட்டிருக்காரு. இந்த ருசி செல்லாது ஹஜ்ரத். உப்பு இருக்கா இல்லையான்னு முதல்லேர்ந்து பார்க்கணும்," என்றார்.

ஹஜ்ரத் கவிழ்த்து வைத்திருந்த குடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு பொறுமையாக, சமைக்கிறவர் தேவைப்பட்டால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்காமல் துப்பிவிடலாம், அதையும் அன்றைக்கே சொன்னேனே என்றார். அவர் அதைச் சொன்னபோது, அதற்கு முன்னால் சொன்னதை மறந்துவிடக்கூடாது என்று நாங்கள் மூவரும் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

உப்பைத் தன் கையாலேயே போட்டுக் கிளறிவிட்டு ஹஜ்ரத் தொழுகைக்குப் போனார். எங்களுக்குப் பயம் விடவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து, கற்றபடியே செய்தோம். காக்கா நாக்கில் வைத்து வாசலுக்கு வந்து துப்பினார். சரியாகத் தெரியவில்லை என்று மீராசா வைத்துத் துப்பினான். பிறகு நான் வந்து துப்பினேன். மறுபடி காக்கா வந்தார்.

வாசலில் தூக்குவாளிகளோடு வரிசை சேர்ந்திருந்தது. கஞ்சி காய்ச்சியவர்களே ஒருவர் பின் ஒருவராக முகத்தைச் சுளித்துத் துப்புவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். கஞ்சி கெட்டுப்போச்சாம் என்று வரிசையின் முன்னால் ஒரு பெண் சொன்னது வால்வரைக்கும் போயிற்று. வரிசை அப்படியே திரும்பி மேலத்தெருப் பள்ளியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

ஹஜ்ரத் பதறிப்போய், மைக்கில் சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றார். காக்கா மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, ஊர் முழுக்கக் கேட்கும்படி நிதானமாக அறிவித்தார்.

"ஜமாஅத்தார்களுக்கு ஓர் அறிவிப்பு. கஞ்சி கெடவில்லை. நாங்கள் மூவரும் துப்பியது பெரும்பாலும் அண்டாவுக்கு வெளியேதான்."

அன்று மேலத்தெருப் பள்ளியில் கஞ்சி போதவில்லை என்று கேள்வி.