நாரைக்கு விற்ற நாற்பது கட்டு நாணல்

கருவேலங்காட்டில் ஒரு புனுகுப்பூனையும் ஒரு முள்ளம்பன்றியும் நாணல் வியாபாரம் செய்துவந்தன. ஆற்றின் தென்கரை நாணல் பூனைக்கு, வடகரை நாணல் முள்ளம்பன்றிக்கு. குருவிகள் கூடு கட்ட வாங்கும். முயல்கள் வளைக்குள் மெத்தை போட வாங்கும். பதிலுக்குப் பழமும் கிழங்கும் கொடுக்கும்.

தென்கரையிலேயே கடையும் வீடுமாக இருந்த பூனையின் பெயர் கந்தப்பொடி. அது உட்கார்ந்து எழுந்த இடம் ஒரு வாரத்துக்கு மணக்கும். விற்கிற கட்டு ஒவ்வொன்றிலும் முதுகைத் தேய்த்து, "இது என் சரக்கு!" என்று மணம் ஏற்றித்தான் அனுப்பும். முள்ளம்பன்றியின் பெயர் சிலுப்பி. அவளிடம் மணமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. ஆனால் கூட்டம் அவள் கடையில்தான்! வரிசையின் கடைசியில் நின்ற ஒரு நத்தை, முறை வருவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டதாம்.

அதைப் பார்க்கப் பார்க்கக் கந்தப்பொடிக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலின்மேல் ஒரு பானை கூழை வைத்திருந்தால் கொதித்துப் பொங்கியிருக்கும்.

அந்தக் காட்டில் நாணல் விற்க ஒரு சட்டம் இருந்தது. மடுவில் கிடந்த கிழட்டு முதலை, தண்ணீர் குடிக்க வருகிறவர்களை நாணலுக்குள் ஒளிந்திருந்து பிடித்துக்கொண்டிருந்தது. காட்டுக்குத் தலைவனான யானை பொறுத்துப் பார்த்து, மடுவைச் சுற்றியிருந்த நாணலை வேரோடு பிடுங்கிப் போட்டது. ஒளிய இடமில்லாத முதலை நத்தை தின்று நத்தை தின்று பல்லி அளவுக்கு இளைத்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்த்தவர்கள் பொய்யர்கள், அது வேறு விஷயம்.

யானை அறிவித்தது: "இனிமேல் மடுவுக்கு ஒரு குச்சி நாணல்கூடப் போகக் கூடாது! நேராக விற்றாலும் குற்றம், இன்னொருத்தர் மூலம் போனாலும் குற்றம். யாருக்குப் போகிறது என்று கேட்காமல் விற்றாலும் குற்றம்! தப்பு நடந்துவிட்டால் தானாக வந்து சொல்லுங்கள். தண்டனை பாதி!"

அன்றிலிருந்து சிலுப்பி ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். "யாருக்கு? எதுக்கு? எங்க கொண்டு போற?" ஒரு தூக்கணாங்குருவியைக்கூட விடவில்லை.

"நாலு குச்சி வாங்க வந்தவன்கிட்ட நாப்பது கேள்வியா!" என்று கந்தப்பொடி சிரித்தது. ஆனால் கேள்வி கேட்கக் கேட்கச் சிலுப்பி கடையில் கூட்டம் கூடியது. அங்கே வாங்கினால் வம்பில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். கந்தப்பொடியின் சிரிப்பு பாதியிலேயே புளித்துவிட்டது.

ஒரு நாள் காலை, கந்தப்பொடி வழக்கம்போல வடகரைப் புதருக்குள் பதுங்கி, சிலுப்பிக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு நெட்டைக்கால் நாரை வந்தது.

"சிலுப்பியம்மா, நாப்பது கட்டு வேணும்!"

"யாருக்கு?"

"எனக்குத்தான். கூடு கட்ட."

"உன் கூட்டுக்கு அரைக்கட்டு போதுமே. மீதி முப்பத்தொன்பதரை?"

"பெரிய குடும்பம்மா! மாமியார் வேற வந்திருக்காங்க."

"சரி, எந்த மரத்துல கூடு?"

"அது... மடுவோரத்து மருத மரம்... இல்ல, அதுக்கு அந்தப் பக்கம். அப்புறம், அடியை எல்லாம் கூராச் சீவிக் குடுத்துடுங்க."

"மரத்துல வைக்கிற நாணலுக்குக் கூரு எதுக்கு? சேத்துல குத்தி நிறுத்துறதுக்கா?" சிலுப்பியின் முட்கள் சிலிர்த்தன. "உனக்கு ஒரு குச்சிகூடக் கிடையாது. கிளம்பு!"

இவ்வளவும் கந்தப்பொடியின் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். நாற்பது கட்டு! சிலுப்பி கடைக்கு வந்த நாற்பது கட்டு!

ஓட்டமாக ஓடி நாரையை வழிமறித்தது. "அண்ணே! அங்க இல்லாட்டி என்ன, நான் தர்றேன்!"

"முதலாளி! உங்களைத்தான் முதல்ல பாத்திருக்கணும்!" என்றது நாரை.

முதலாளி என்ற சொல் கந்தப்பொடியின் காதில் தேனாய்ப் பாய்ந்தது. ஆனாலும் சட்டம் ஞாபகம் வந்தது. "யாருக்குன்னு நான் கேக்கணுமே?"

"கேக்கணும்னு கட்டாயமா, முதலாளி?"

"அப்படி ஒண்ணும் கட்டாயமில்ல."

"அப்போ கேக்காதீங்க."

"சரி, கேக்கல!"

நாற்பது கட்டையும் கூராகச் சீவி, கட்டுக்கு இரண்டு முறை முதுகைத் தேய்த்து அனுப்பியது. பிறகு வடகரையைப் பார்த்து வாலைத் தூக்கி ஆட்டியது. சிலுப்பி நிமிர்ந்தே பார்க்கவில்லை. அது இன்னும் எரிச்சல்!

மூன்றாம் நாள் உச்சிவெயிலில், மடுவுக்குத் தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமான் குட்டி ஒன்று, "அம்மா, புதுசா நாணல் முளைச்சிருக்கு பாரு!" என்றது. சொல்லி வாய் மூடுவதற்குள் நாணல் பிளந்து முதலையின் வாய் திறந்தது. தாய்மான் பாய்ந்து அதன் மூக்கில் உதைத்தது. குட்டி தப்பிவிட்டது. ஆனால் பின்னங்கால் ஒன்று கிழிந்துபோனது.

செய்தி காடு முழுக்கப் பரவியது. கந்தப்பொடி கணக்குப் போட்டுப் பார்த்தது. கடை போய்விடுமே! கரை போய்விடுமே! ஒரே ஒரு வழிதான் இருந்தது. தானாகப் போய்ச் சொன்னால் தண்டனை பாதி.

"சொல்லிடுவோம்," என்று முனகிக்கொண்டே யானை இருந்த ஆலமரத்துக்கு நடந்தது. "ஏமாந்துட்டேன் ஐயான்னு கால்ல விழுந்துடுவோம்."

ஆலமரத்தடியில் யானைக்குப் பக்கத்தில் சிலுப்பி நின்றுகொண்டிருந்தாள். யானை ஏதோ கேட்க, அவள் பதில் சொல்ல, யானை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். அடங்கியிருந்த எரிச்சல் குபீரென்று கிளம்பியது. "இவ பாக்க நான் தலைகுனிஞ்சு நிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்!" தொண்டை வரை வந்த உண்மை அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

"ஆனையாரே!" என்று கத்தியது. "மடுவுக்கு நாணல் வித்தது இந்தச் சிலுப்பிதான்! நாரை இவ கடைக்கு வந்ததை என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"

"வந்தது நிசம். நான் குடுக்கல," என்றாள் சிலுப்பி.

"குடுத்தா!"

யானை மடுவிலிருந்து பிடுங்கி வந்திருந்த நாணல் கட்டு ஒன்றைத் தும்பிக்கையால் எடுத்து முகர்ந்தது. முகர்ந்ததும் ஒரு தும்மல் போட்டது பாருங்கள், ஒன்பது மரத்துக் காக்கைகள் பக்கத்துக் காட்டில் போய் விழுந்தன!

"புனுகு!" என்றது யானை.

"காத்துல வந்து ஒட்டியிருக்கும், ஐயா..."

"ஒரு கட்டிலயா? நாப்பதுலயும் மணக்குதே!"

அதற்குள் நாரையையும் பிடித்து வந்தார்கள். "முதலை தர்றேன்னு சொன்ன மீனுக்கு ஆசைப்பட்டு அதுக்காக வாங்கினேன். இந்த முதலாளி ஒரு வார்த்தை கேக்கல!" என்று அது எல்லாவற்றையும் கொட்டிவிட்டது.

யானை தீர்ப்புச் சொன்னது: "நாரைக்கு இனி இந்தக் காட்டில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கந்தப்பொடி, கேட்காமல் விற்றதற்கு உன் கடை ஒரு மழைக்காலம் மூடல். நீயாக வந்து சொல்லியிருந்தால் அதில் பாதியோடு போயிருக்கும். நீ அடுத்தவள் மேல் பழி போட்டாய். அதனால் தென்கரையே இனி உனக்கில்லை. அந்த மான்குட்டி கால் ஆறுகிற வரைக்கும் அங்கே மேயட்டும்."

கந்தப்பொடி பொத்தென்று உட்கார்ந்தது.

யானை திரும்பியது. "சிலுப்பி, நீ விற்கவில்லை, சரி. ஆனால் சந்தேகப்பட்டாய் அல்லவா? அன்றைக்கே ஓடிவந்து என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் குட்டியின் கால் பிழைத்திருக்கும். உன் கடையும் ஒரு நாள் மூடல்."

"தப்புதான் ஐயா," என்றாள் சிலுப்பி. முதல் தடவையாக அவள் முட்கள் தாழ்ந்தன.

கந்தப்பொடி துள்ளி எழுந்தது. "கேட்டீங்களா? அவளுக்கும் மூடல்! அவ கடையும் மூடல்!" என்று வாலைத் தூக்கிக்கொண்டு ஆலமரத்தைச் சுற்றிச் சுற்றி ஆடியது. ஆடிக் களைத்து, வீட்டுக்குப் போகலாம் என்று தென்கரை வரைக்கும் வந்த பிறகுதான், போக வீடில்லை என்பது அதற்கு உறைத்தது.

அடுத்தவர் வேண்டாமென்று தள்ளியதை, ஏன் தள்ளினார் என்று கேட்காமல் பொறாமையில் அள்ளுகிறவன், தன் கையிலிருப்பதையும் சேர்த்துத் தொலைப்பான்.