சுருங்காத பானை

வெகு காலத்துக்கு முன்பு, ஆற்றோர நாடு ஒன்றில், மருதையன் என்ற ஓடக்காரன் தன் மனைவி காத்தாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அடுப்படியில்தான். காற்று பலமாக இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடு என்று சொல்லி அனுப்பினாள். அவன் திரும்பி வந்தபோது வீடு நிறைய சனம் இருந்தது. அவளுக்கு உயிர் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஒருநாள் அவன் ஓடத்தில் வந்த மந்திரவாதி, கூலிக்குக் காசில்லாமல், கையகல வெண்கலப் பானை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"உன் வருமானம் ஏறினால் நானும் ஏறுவேன்," என்றது பானை. "நிரப்பு, நிரப்பு, கழுத்துவரை நிரப்பு."

அந்த வருடம் அக்கரையில் புதுச் சந்தை கூடியது. ஓடத்துக்கு ஓய்வே இல்லை. பானை குடமளவு வளர்ந்தது; அது நிறையச் சோறு பொங்கினான். பக்கத்து வீட்டார் சாப்பிட வந்தார்கள். அண்டாவளவு வளர்ந்தது, தெருவே வந்தது. கொப்பரையளவு வளர்ந்தது, ஊரே வந்தது. வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம். மருதையனுக்கு அது போதும்.

மறு வருடம் ராஜா ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். ஓடம் ஏற ஆளில்லை. வருமானம் இறங்கியது. பானை இறங்கவில்லை.

"நிரப்பு, நிரப்பு, கழுத்துவரை நிரப்பு."

பசுவை விற்றான். பானை மறுபடி கேட்டது. காத்தாயியின் தண்டையை விற்றான். மூன்றாம் முறை கேட்டபோது விற்க ஓடம் ஒன்றுதான் மிச்சம்.

"ஏறத் தெரிந்த உனக்கு இறங்கத் தெரியாதா?" என்று கேட்டான்.

"வருமானம் விழுந்ததை எல்லார் முன்னாலும் உன் வாயால் சொல். இறங்குகிறேன். நாளைக்கு அவர்கள் வருவார்களா என்பது எனக்குத் தெரியாது."

ஓடத்தை வாங்க ஆள் வந்து வாசலில் நின்றான். உள்ளே பந்தியில் இலை போட்டாகிவிட்டது. மருதையன் அவனைப் பார்த்தான், பந்தியைப் பார்த்தான்.

"எனக்கு இப்போ வரும்படி இல்லைங்க. இன்னைக்கு ஒரு ஆளுக்குத்தான் அரிசி இருக்கு."

கொப்பரை அண்டாவாகி, குடமாகி, கையகலப் பானையானது. மந்திரம் விட்டுப்போனது, அதன் பிறகு பானை பேசவே இல்லை. சனம் ஒவ்வொருவராக எழுந்து போனது. கூடை பின்னும் வெள்ளாத்தாளும் அவள் புருஷனும் மட்டும் எழவில்லை.

"பாலம் கட்டினப்பவே சொல்றதுக்கு என்னண்ணே?" என்றாள் வெள்ளாத்தாள். "நீங்க போட்ட விருந்துக்கு ஈடா நாங்களும் விருந்து போட்டே எங்க வீட்டுலயும் அரிசி காலி. தண்ணியை நிறைய ஊத்துங்க, கஞ்சியாக் குடிப்போம்."

ஓடம் வாங்க வந்தவன் வெறுங்கையோடு திரும்பினான். பந்தியில் மிஞ்சியது மூன்று பேர். துறையில் ஓடம் இருந்தது.