நாற்பது நோயாளிகளும் இரண்டு கஷாயமும்

வெகுகாலத்துக்கு முன் மருதங்கோட்டையைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான்; சாயங்காலமே அதைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுப்பான். அப்படிப்பட்டவனிடம் இருபது வருஷம் பதவி நழுவாமல் இருந்தவர் தலைமை வைத்தியர் அம்பலக்கூத்தர்.

ஒரு மழைக்காலத்தில் ஊரெங்கும் விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் பரவியது. உப்பு விற்கும் செங்கமலம் காய்ச்சிக் கொடுக்கும் கஷாயத்துக்கு அது இறங்குகிறது என்று பேச்சுக் கிளம்பியது. அம்பலக்கூத்தர் முதலில் சிரித்தார். சொந்த மனைவியே அதை வாங்கிக் குடித்தாள் என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சு ராஜாவின் காதுக்கும் எட்ட, இருவரையும் சபைக்கு அழைத்தான். "யார் மருந்து நன்றாகக் கேட்கிறதோ, அவருக்கே தலைமை வைத்தியர் பதவி!" என்றான் ராஜா.

"நோயாளிகளை நானே பொறுக்கித் தருகிறேன், பிரபு" என்றார் வைத்தியர்.

"தாராளமாக" என்றார் மந்திரி திருமேனியார்.

வைத்தியர் நாற்பது பேரைக் கொண்டுவந்தார். இருபது பேர் கட்டுமஸ்தான காவல்காரர்கள். மற்ற இருபது பேரும் எழுந்து நிற்கவே ஆள் வேண்டிய கிழடுகள். "வீரர்கள் என் மருந்துக்கு. பெரியவர்கள் அந்த அம்மாளுக்கு" என்றார், மரியாதையாக.

மந்திரி நோயாளிகளிடம், "இது சோதனை. இஷ்டமில்லாதவர்கள் போகலாம்" என்றார். இரண்டு பேர் போனார்கள். வேறு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு இருபது வெள்ளைக் கல்லும் இருபது கறுப்புக் கல்லும் போட்ட குறுகிய வாய்ப் பானை ஒன்றை நீட்டினார். ஒவ்வொருவரும் கைவிட்டு ஒரு கல் எடுக்கவேண்டும். வெள்ளைக் கல் எடுத்தவர் கிழக்குக் கொட்டகைக்கு, கறுப்புக் கல் எடுத்தவர் மேற்குக் கொட்டகைக்கு.

"மந்திரியாரே, நான் பிரித்தது என்ன ஆச்சு?"

"பொறுக்குவதாகத்தானே சொன்னீர்? பிரிக்கிற வேலையைக் கல் பார்த்துக்கொள்ளும்."

இரண்டு கஷாயத்திலும் வேப்பம்பட்டையும் கருப்பட்டியும் சேர்த்து, நிறமும் ருசியும் ஒன்றாக்கினார்கள். எது எந்தக் கொட்டகைக்கு என்று எழுதிய ஓலையை மந்திரி அரக்கு முத்திரையிட்டு ராஜாவிடம் கொடுத்தார். வைத்தியருக்கும் தெரியாது, செங்கமலத்துக்கும் தெரியாது, குடிக்கிறவர்களுக்கும் தெரியாது.

"தினமும் நாடி பார்த்துக் குறிப்பது யார்?" என்றான் ராஜா.

"நம் வைத்தியரேதான்" என்றார் மந்திரி.

அம்பலக்கூத்தர் சந்தோஷத்தை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் மேற்குக் கொட்டகையில் செங்கமலம் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டுவதைக் கண்டார். தன் மருந்தைக் குடிக்கிறவனிடம் அல்லாமல் வேறு யாரிடம் இவ்வளவு கரிசனம் வரும்? கறுப்புத்தான் இவளுடையது! அவள் அங்கிருந்து நேரே கிழக்குக் கொட்டகைக்குப் போனதைப் பார்க்க அவர் நிற்கவில்லை.

அன்றிலிருந்து கறுப்பில் உடம்பு குளிர்ந்திருந்தாலும் 'சூடு' என்று எழுதினார். வெள்ளையில் அனலாய்க் கொதித்தாலும் 'தணிந்தது' என்று எழுதினார்.

பத்தாம் நாள் சபையில் முழங்கினார்: "வெள்ளையில் பத்தொன்பது பேருக்குக் குணம். கறுப்பில் மூன்று பேருக்கு. கறுப்பு மருந்தா அது? கழுநீர்!"

ராஜா முத்திரையை உடைத்தான். "வெள்ளை, செங்கமலம். கறுப்பு, அம்பலக்கூத்தர்."

"இல்லை பிரபு! கறுப்பிலும் நிறையப் பேர் தேறினார்கள்! நான் குறைத்து..." வைத்தியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது.

"அப்படியானால் ஏடு பொய்யா?" என்றான் ராஜா.

"பொய்தான். இது தெரிந்துதான் இன்னொரு ஏடும் வைத்தேன்" என்ற மந்திரி, மடைப்பள்ளிச் சமையல்காரன் குப்பாண்டியை அழைத்தார். "கஞ்சி வேண்டாம், சோறு போடு என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?"

"கிழக்கே பதினைந்து, மேற்கே பதினொன்று சாமி. என்ன கஷாயம், யாருடையது, எனக்குத் தெரியாது. உலை வைக்கத்தான் எண்ணினேன்."

ராஜா வைத்தியரிடம் திரும்பினான். "நாளைக்கு உமக்கே காய்ச்சல் வந்தால் எதைக் குடிப்பீர்?"

"அந்த அம்மாளுடையதை" என்றார் அம்பலக்கூத்தர்.

"பத்து நாளில் நீர் சொன்ன முதல் உண்மை. அதற்காகத் தலை தப்பியது. இனி அவளுக்குக் கீழே வேலை பாரும்."

பதவி போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஜெயித்தவள் ஒரு தடவையாவது தன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள் என்று காத்திருந்தார். செங்கமலமோ குப்பாண்டியின் பக்கத்தில் போய், "கிழக்கே சோறு கேட்காத அந்த ஐந்து பேர் யார் யார் அண்ணே?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.