கரிக்கட்டியின் வலது கை

மங்கலபுரியில் ஒரு காலத்தில் மனிதர்களைவிடச் சுவர்களுக்குத்தான் மரியாதை அதிகம். மழைக்குச் சாய்ந்த குட்டிச்சுவருக்குக்கூட ஆள் நின்று குடை பிடித்தார்கள். காரணம், கரிக்கட்டி.

கரிக்கட்டி யார் என்று யாருக்கும் தெரியாது. முகம் காட்டாத ஓர் ஓவியனுக்கு ஊரார் வைத்த பெயர் அது. மார்கழி பிறந்ததும் ஒரு விடியற்காலையில் எண்ணெய்ச் செக்குச் சுவரில் முதல் படம் முளைத்தது. அதில் அமைச்சர் ஆட்டுத்தாடியோடு புல் மேய்ந்துகொண்டிருந்தார். அடுத்து சந்தைச் சுவரில் சேனாதிபதி. குதிரையில் வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஊர் சிரித்தது. சாவக நாட்டு வணிகர் ஒருவர் சிரித்ததோடு நிற்கவில்லை. நூறு பொன் கொடுத்துச் சந்தைச் சுவரைப் பெயர்த்து, வைக்கோல் சுற்றிக் கப்பலில் ஏற்றினார்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு வெள்ளையடித்தார்கள். சுவரடியில் கரித்துண்டும் ஒரு செம்பு மோரும் வைத்துவிட்டுப் படுத்தார்கள். பொறுமை இல்லாதவர்கள் தாங்களே கிறுக்கி விற்கப் பார்த்தார்கள். வணிகர் ஏமாறவில்லை.

"கரிக்கட்டியின் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். நடுவில் கையே எடுக்க மாட்டார். இது நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் யானைக் கொட்டாரத்து மதிலில் புதுப் படம். இந்த முறை ராஜா கனகசேன பூபதி! கிரீடம் கோணலாகச் சரிந்திருக்க, குறட்டை விட்டுத் தூங்குகிறார். தலையணையின் முனை அவர் வாயில். கரும்பு கடிப்பது போலக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

"பொய்! பச்சைப் பொய்!" என்று ராஜா கத்திய கத்தலில் கொட்டாரத்து யானை மிரண்டது.

பக்கத்தில் நின்ற அரண்மனை ஓவியர் சம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ராஜாவைப் பள்ளிகொண்ட பெருமாள் போலவே வரைவார். அந்தப் படங்களை இப்போது இலவசமாகக் கொடுத்தாலும் ஒருவரும் வாங்குவதில்லை.

"மகாராஜா, அவன் வலது கையை வெட்டினால்தான் என் மனம் ஆறும்" என்றார்.

"வெட்டுவோம்! ஆண்டாப்பிள்ளை, எங்கே போனாய்?"

ஆண்டாப்பிள்ளை முன்னால் வந்தார். எந்தச் சிக்கல் வந்தாலும் ராஜா கூப்பிடுவது இவரைத்தான்.

"எட்டு நாளில் அந்தக் கை சபைக்கு வரவேண்டும். இல்லையென்றால் உன் தலை வரும்."

"என் தலை தினமும் சபைக்கு வருகிறதே, மகாராஜா?"

"உடம்பு இல்லாமல் வரும்!"

ஆண்டாப்பிள்ளை நேரே போய்த் தண்டோரா போடச் சொன்னார். "எட்டாம் நாள் கரிக்கட்டி அரண்மனைக்கு வந்தால், இனி வரைவதையெல்லாம் சாவக வணிகரே வாங்கிக்கொள்வார்!" கையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

எட்டாம் நாள் நாற்பத்து மூன்று கரிக்கட்டிகள் வந்து நின்றார்கள்.

"சரி, மகாராஜா தூங்குவதை வரையுங்கள்" என்றார் ஆண்டாப்பிள்ளை.

எதிரே ராஜாவே மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்குத் துணிச்சல் வரும்? நாற்பத்து மூன்று பேரும் பள்ளிகொண்ட பெருமாளைத்தான் வரைந்தார்கள். ஒவ்வொருவரும் பத்து இடத்தில் கை எடுத்தார்கள்.

"மிக்க நன்றி. கரிக்கட்டியின் வலது கையை வெட்ட உத்தரவாகியிருக்கிறது. முதலில் யார்?"

கண் மூடித் திறப்பதற்குள் மண்டபம் காலி.

"ஆள் இல்லை. அப்படியானால் ஆண்டாப்பிள்ளையின் தலை..." என்று நினைவூட்டினார் சம்புலிங்கம்.

"தருகிறேன். அதற்கு முன் மகாராஜாவிடம் தனியாக ஒரு வார்த்தை" என்றார் ஆண்டாப்பிள்ளை.

எல்லாரும் வெளியே போனார்கள். திரைக்குப் பின்னால் ராணி மட்டும் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கறுக், கறுக் என்று சத்தம் கேட்டது.

"கோபப்படாமல் சொல்லுங்கள், மகாராஜா. அந்தப் படம் பொய்தானா?"

ராஜா சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பொய்யாக இருந்தால் எனக்கு ஏன் ஐயா இவ்வளவு கோபம் வருகிறது?"

"அப்படியானால் வரைந்தவர் நீங்கள் தூங்குவதைப் பார்த்தவர். காவல்காரர்கள்கூடக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள்?"

பாக்கு வெட்டும் சத்தம் நின்றது.

"இன்னொன்று. கை எடுக்காமல் கோடு இழுப்பவரை ஓவியர்களுக்குள் தேடினோம். அதுதான் தப்பு. மார்கழி விடியலில் வாசலுக்கு வாசல் பெண்கள் சிக்குக்கோலம் போடுகிறார்களே, அந்தக் கோடும் தொடங்கிய இடத்தில்தானே முடிகிறது? விடியுமுன்னே வெளியே வந்து அரண்மனை வாசலில் கோலம் போடுவது யார்?"

ராஜாவின் முகம் வெளுத்தது. "ராணியா?"

"நான் பெயர் சொல்லவில்லை. உத்தரவு கொடுங்கள், கையை வெட்டிக் கொண்டுவருகிறேன். ஆனால் அந்தக் கையில் இப்போது பாக்குவெட்டி இருக்கிறது. நீங்களும் துணைக்கு வந்தால் நல்லது."

ராஜா திரையைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி ஆண்டாப்பிள்ளைக்குப் போட்டார்.

"உன் தலை உன்னிடமே இருக்கட்டும். ஊருக்கு என்ன சொல்வது?"

"ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வோம். யார் என்று தெரியாத வரைக்கும்தான் அந்தச் சுவர்களுக்கு மவுசு. தெரிந்துவிட்டால் சுவர் வெறும் சுவர். தலையணைக் கதை மட்டும் நிஜமாகிவிடும்."

"ஐயோ, வேண்டாம்!" என்ற ராஜா திரைப் பக்கம் திரும்பினார். "ஏன் தேவி, என்னிடமே நேரில் சொல்லியிருக்கலாமே?"

திரைக்குப் பின்னால் மறுபடியும் கறுக் என்றது.

"பத்து வருஷமாகச் சொன்னேனே! ஒவ்வொரு தலையணை கிழிந்தபோதும் எலி கடித்தது, எலி கடித்தது என்றீர்கள். அதனால்தான் அந்த எலி எப்படி இருக்கும் என்று ஊருக்கு வரைந்து காட்டினேன்."