பஸ்ஸை மறித்த பூசணிப் பாஸ்தா

கோணக்குறிச்சிக்குப் போகிறவர்கள் வழியை வெளியூரிலேயே கேட்டுக்கொண்டு போய்விட வேண்டும். உள்ளூரில் கேட்டால், கேட்டவருக்குத் தன் வீட்டுக்குப் போகும் வழியும் மறந்துபோகும். ஆனாலும் சமையலுக்கு அந்த ஊர் பேர் போனது. காரணம் மாசானமுத்துவின் கல்யாணச் சமையல் குழு. மாசானம் தலைமை. பிச்சாண்டி, வைகுண்டம், உலகு மூவரும் கூட்டாளிகள். வேலை கொடுத்தவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம். ஒரு கல்யாண வீட்டில், "யாரையும் சாப்பிடாம அனுப்பிராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். மீட்டர் பார்க்க வந்தவர், வழி தவறி வந்த எருமை, செருப்புத் திருட வந்தவன் என்று எல்லோரையும் இலை போட்டு உட்கார வைத்து, பாயசம் வரைக்கும் ஊற்றித்தான் அனுப்பினார்கள். எருமை இலையையும் சேர்த்துத் தின்றது.

அந்த மாசானத்துக்கு மனசில் ஒரு ஆசை. பக்கத்து ஊர் ஆவுடையப்பன் மகள் வடிவைக் கட்டிக்கொள்ள வேண்டும். வடிவு கனடாவில் அக்கா வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் காப்பியோடு திருப்பி அனுப்பியவள். மாசானத்திடம் மட்டும் நின்று நாலு வார்த்தை பேசுவாள். அந்த நாலு வார்த்தையை அவன் நாலு நாளைக்குத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வான்.

ஒரு புரட்டாசி மாதத்தில் அவளே போன் பண்ணினாள்.

"கனடாவுல இந்த நேரம் இலை உதிர்ற காலம். பூசணிக்காயைப் போட்டு, பாலாடை விட்டு, குழைவா ஒரு பாஸ்தா செய்வாங்க. நினைச்சாலே நாக்குல எச்சி ஊறுது. ஞாயித்துக்கிழமை சாயங்கால பஸ்ல வாரேன். அதைச் செஞ்சு குடுங்க. நல்லா இருந்தா நம்ம விஷயத்தைப் பேசலாம்."

செய்முறையைக் குரல் பதிவாகவும் அனுப்பினாள். 'நம்ம விஷயம்' என்று கேட்டதிலிருந்து மாசானத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட்டாளிகளைக் கல்யாண மண்டபத்து அடுப்படிக்கு வரவழைத்து, பதிவை ஓடவிட்டான்.

"இது ரெண்டு பேருக்கு..." என்று வடிவின் குரல் ஆரம்பித்ததும் வைகுண்டம் நிறுத்தச் சொன்னான்.

"அண்ணாச்சி, ஐநூறு பேருக்குக் குறைஞ்சு நாம உலை வச்சதே இல்லியே. ரெண்டு பேருக்கு எப்படி ஆக்குறது?"

குழுவில் யோசிக்கிற பொறுப்பு பிச்சாண்டியுடையது. அவன் மோவாயைத் தடவினான்.

"ஐநூறு பேருக்கு ஆக்குவோம். ரெண்டு பேருக்குப் பரிமாறுவோம்."

"மத்த பேரு?"

"வரலைன்னா அது அவங்க தப்பு."

இவ்வளவு சுலபமாகத் தீர்ந்ததில் மாசானத்துக்குக் கண் கலங்கியது. ஒரு மினி லாரி நிறையப் பூசணிக்காய் வந்து இறங்கியது. தென்காசியில் எத்தனை பாஸ்தாப் பொட்டலம் உண்டோ அத்தனையும் வந்து இறங்கின.

அடுத்த சிக்கல் இலை உதிர்வது. கோணக்குறிச்சியில் மழை பெய்து, மரமெல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றது.

"காலம் தானா வரலைன்னா நாமதான் கூட்டிட்டு வரணும்" என்றான் மாசானம். "உலகு, வாசல் புங்கமரத்துல ஏறு. மொத்தமா உருவிப் போட்டுராதலே. சமையல் முடியுறதுக்கு முன்னால காலம் முடிஞ்சிரும். ஒவ்வொண்ணா விடு."

உலகு ஏறினான். ஒவ்வொன்றாக விட்டான். கீழே நின்று பார்த்த மாசானத்துக்கு லேசாகக் குளிர்கூட எடுத்தது.

பிறகு பூசணிக்காய். "முதல்ல பூசணிக்காயை உடைச்சு..." என்றாள் வடிவு. பூசணிக்காயை உடைப்பது வைகுண்டத்துக்கு அத்துப்படி. புது வீடு, புது வண்டி, புதுக் கடை எதுவானாலும் ஊரில் அவன்தான் உடைப்பான். ஒரு காயைத் தூக்கினான். அதன் மேல் கற்பூரம் ஏற்றினான். மாசானத்தைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, தலையைச் சுற்றினான். நடுரோட்டில் போட்டு உடைத்தான். துண்டுகளைப் பிச்சாண்டி கூடையில் பொறுக்கினான். இப்படியே ஒவ்வொன்றாக உடைத்து மினி லாரி பாதி காலியான பிறகுதான் பிச்சாண்டிக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"அண்ணாச்சி, உங்க மேல உள்ள கண்ணேறெல்லாம் இப்ப இந்தக் காய்க்குள்ளல்லா இருக்கு? இதை வடிவு தின்னா?"

மூன்று பேரும் பயந்துபோனார்கள். மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"பதறாதீங்க" என்றான் வைகுண்டம். "பூசணிக்காய்க்குப் பட்ட கண்ணேறை இன்னொரு பூசணிக்காயால கழிச்சிரலாம்."

கூடையைச் சுற்றி ஒரு காயை உடைத்தார்கள். அந்தக் காயில் ஏறிய கண்ணேறுக்கு இன்னொரு காய். அதற்கு வேறொன்று. கடைசிக் காயைக் கழிக்க ஊரில் வேறு பூசணிக்காயே இல்லாததால் அதை மட்டும் எருமைக்குப் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கழுவி வேகவைத்து மசித்தார்கள். பாலாடை, பூண்டு, மிளகு எல்லாம் விழுந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், வாசனை தெருவைத் தூக்கியது. கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாத முட்டாள்கள் அவர்கள்.

பாஸ்தா கொதித்தது. "ஒண்ணை எடுத்துச் சுவத்துல எறிஞ்சு பாருங்க. ஒட்டிக்கிட்டா வெந்துருச்சுன்னு அர்த்தம்" என்றது பதிவு. மாசானம் ஒன்றை எறிந்தான். ஒட்டிக்கொண்டது. இறக்கப் போனவனைப் பிச்சாண்டி தடுத்தான்.

"ஒண்ணு வெந்தா மத்ததெல்லாம் வெந்துருச்சுன்னு எப்படி நம்புறது? நம்மள்ல ஒருத்தனுக்குப் புத்தி இருந்தா எல்லாருக்கும் இருக்குன்னு ஆயிருமா?"

"யாருக்குலே இருக்கு?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

வாதம் நியாயமாகப் பட்டது. கரண்டி கரண்டியாக அள்ளி எறிந்தார்கள். ஒட்டியது வெந்தது. கீழே விழுந்தது வேகாதது. அதைக் கழுவி மறுபடி கொதிக்க வைத்து மறுபடி எறிந்தார்கள். அடுப்படியின் டைல்ஸ் சுவர் நாலும் மேலிருந்து கீழ்வரை பாஸ்தாவால் நிறைந்தபோது, தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்துப் பூசணிக் குழம்பில் போட்டுக் கிளறினார்கள். அண்டா மணக்க மணக்கத் தயாரானது.

மாசானம் பெருமையோடு பதிவின் கடைசிப் பகுதியை ஓடவிட்டான்.

"இறக்கின உடனே சுடச்சுடப் பரிமாறிரணும். ஒரு நிமிஷம் தாமதிச்சாலும் கட்டியாயிரும்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். வடிவு வரும் பஸ் பாதி வழியிலிருக்கும் ஆலங்குளத்தையே இன்னும் தாண்டவில்லை. அண்டாவோ இறக்கியாகிவிட்டது.

"அவ வர முடியலைன்னா பாஸ்தா போகணும்" என்றான் பிச்சாண்டி.

அண்டாவையும் வாழையிலைக் கட்டையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். உலகுவை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சீசன் முடிந்துவிடக் கூடாதே என்று அவன் மேலே ஒரு இலையைப் பாதி பாதியாகக் கிழித்து விட்டுக்கொண்டிருந்தான்.

வழியில் எதிரே பஸ் வந்தது. மாசானம் நடுரோட்டில் கரண்டியோடு நின்று மறித்தான். கண்டக்டர் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். வைகுண்டம் அதில் ஒரு கரண்டி பாஸ்தாவை வைத்தான். கண்டக்டர் மென்றார், விழுங்கினார், "இன்னும் கொஞ்சம் போடுய்யா" என்றார். அவ்வளவுதான், பஸ் மொத்தமும் இறங்கி ரோட்டோரம் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். டிரைவர் மூன்று தடவை இலையைக் காட்டினார்.

வடிவு கடைசியாக இறங்கி வந்தாள். மாசானத்தின் முழங்கை வரைக்கும் பூசணி. மீசையில் ஒரு பாஸ்தா. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எனக்காகவா இம்புட்டுக் கூத்து?"

"ஆமா வடிவு."

"கனடாவுலகூட இப்படி ஒரு ருசியை நான் பாத்ததில்ல. நாளைக்கு வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட பேசுங்க."

மாசானம் அன்று ஆட்டோவில் ஏறவில்லை. ஊர்வரைக்கும் ஆட்டோவுக்கு முன்னால் ஓடியே வந்தான். சந்தோஷம் அப்படி.

மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனவன், மத்தியானம் சிரித்த முகமாகத் திரும்பினான். பிச்சாண்டியும் வைகுண்டமும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணாச்சி, பொண்ணைக் குடுக்கச் சம்மதிச்சாரா?"

"உடனே சம்மதிச்சாருலே. கையைப் பிடிச்சு 'மாப்பிள்ளை'ன்னே கூப்பிட்டாரு."

"அப்புறம்?"

"கல்யாணச் சமையலுக்கு யாரைச் சொல்லன்னு கேட்டாரு. நான் இருக்கும்போது வேற ஆளா மாமான்னு சொன்னேன்."

"அதானே!"

"மாப்பிள்ளையே கரண்டி பிடிச்சா ஊர் சிரிக்கும். ஒண்ணு மணவறையில உக்காரும், இல்ல அடுப்படியில நில்லும், ரெண்டும் நடக்காதுன்னுட்டாரு."

இருவரும் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"நீங்க என்ன சொன்னிய?" என்றான் பிச்சாண்டி.

"தேடி வந்த வேலையை விட முடியுமாலே? அடுப்படின்னு சொல்லிட்டேன்."

வைகுண்டம் பெருமூச்சு விட்டான். "நல்ல வேளை. நான் பயந்தே போயிட்டேன்."

மாசானம் அந்தக் கையோடு போனை எடுத்து, நிறைந்த மனசோடு வடிவைக் கூப்பிட்டான்.

"வடிவு, ஒண்ணுக்கும் கவலைப்படாத. கல்யாணத்தன்னைக்கு உனக்குப் பிடிச்ச பாஸ்தாவை என் கையாலேயே கிண்டிப் போடுதேன். மாப்பிள்ளையை மட்டும் நீ பாத்துக்கோ."