பெயர் பொறிக்காத கல்

நாக்கு வறண்டு கிடக்கிறது, கண்ணுக்கு எதிரே ஊற்று இருக்கிறது, ஆனால் குடிக்கக் கூடாது என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மூங்கில்காட்டு முயல் செவ்வந்திக்கு அந்தப் பாக்கியம்தான் கிடைத்தது.

அந்தக் காட்டில் யானைகளுக்கும் காட்டெருமைகளுக்கும் மூன்று வருஷமாகச் சண்டை. காடு யாருடையது என்பதற்குத்தான்! அதில் பாதிக் காடே போய்விட்டது. குளத்தை மிதித்துச் சேறாக்கினார்கள். கிளி டீச்சர் எழுதிப்போட்டுப் பாடம் நடத்திய பாறையை முட்டி நொறுக்கினார்கள். பிறகு இரண்டு தரப்பும் கூடி, "சமாதானம் வந்துவிட்டது!" என்று அறிவித்தார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மிஞ்சியது ஒரு குட்டை. அதில் தண்ணீரைவிடப் புழு அதிகம். குடித்த குட்டிகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. செவ்வந்தியின் ஒரே மகள் பொட்டு வயிறு ஒட்டிப்போய், எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாள். நல்ல ஆறு இரண்டு மலை தாண்டி இருக்கிறது. யானைக்கு அது நாலு எட்டு. முயலுக்கு அது காசி யாத்திரை.

அப்போது உதவிக் குழுவிலிருந்து ஒரு கொக்கு மறுபடியும் கணக்கெடுக்க வந்தது.

"எத்தனை குட்டிக்கு நோய்?"

"நாற்பது, ஐயா."

"போன தடவை முப்பது. அடடா, கணக்கெடுப்பு நன்றாக வளர்ந்திருக்கிறதே! எல்லாரும் பூந்திக்கொட்டை போட்டுக் கையைக் கழுவுங்கள்."

"எதில் கழுவ?" என்றாள் செவ்வந்தி.

"தண்ணீர் இரண்டாம் கட்டம், அம்மா. அவசரப்படக் கூடாது!"

இரண்டாம் கட்டமும் வந்தது. உதவிக் குழுவின் முள்ளம்பன்றிகள் வறண்ட ஓடை மணலைத் தோண்டத் தோண்ட, கண்ணாடி மாதிரி ஊற்று கிளம்பியது. செவ்வந்தி சுரைக்குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் யானைத் தலைவர் கொம்பையா ஒரு பெரிய பலகைக்கல்லைக் கொண்டுவந்து ஊற்றை மூடிவிட்டார்.

"திறப்பு விழா நடக்காமல் யாரும் வாய் வைக்கக் கூடாது! திறந்து வைப்பவர் பெயரை இந்தக் கல்லில் பொறிக்கணும்."

"என் பெயர்தான் முதலில்!" என்றார் காட்டெருமைத் தலைவர் கருமுத்து.

"கல்லைத் தூக்கி வந்தது யாரு?"

"சுமை தூக்குறவன் பெயரை எந்த ஊரில் ஐயா பொறிக்கிறாங்க?"

இப்படியே பத்து நாள் போனது. அதைச் சண்டை என்று சொல்லிவிடாதீர்கள். சமாதானம் வந்துவிட்டதே! அது பேச்சுவார்த்தை.

பதினோராம் நாள் பொட்டு கண்ணைத் திறக்கவில்லை. செவ்வந்தி நேரே கூட்டத்துக்குப் போனாள்.

"பெரியவங்களே, கல்லைக் கொஞ்சம் நகர்த்துங்க. என் பிள்ளை போயிடும்."

"குட்டையில் தண்ணீர் இருக்கே, அம்மா! அதுக்கென்ன குறைச்சல்?" என்றார் கொம்பையா.

"தங்கமான தண்ணீர்!" என்றார் கருமுத்து.

மூன்று வருஷத்தில் இருவரும் மனசார ஒத்துப்போனது அன்றுதான்.

செவ்வந்தி குடுவையோடு கிளம்பினாள். போய்க் குட்டையில் மொண்டு வந்தாள்.

"பேசிப் பேசித் தொண்டை காய்ந்திருக்கும். நீங்க சொன்ன அதே தங்கம்தான். குடிங்க, தலைவரே!"

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. கொம்பையா மூக்கைச் சுருக்கினார். கருமுத்து சும்மா இருப்பாரா?

"என்ன, பயமா? நான் ஒரு குடுவை குடிப்பேன்!"

"நான் இரண்டு குடிப்பேன்!"

போட்டி போட்டு ஆளுக்குப் பத்துக் குடுவை குடித்தார்கள்.

வெயில் சாய்வதற்குள் கொம்பையாவின் வயிற்றில் இடி இடித்தது. கருமுத்துவின் வயிறு பதில் சொன்னது. இருவரும் ஒரே புதருக்கு ஓடினார்கள். "முதலில் நான்!" என்று அங்கேயும் சண்டை!

ஏழாவது தடவை திரும்பி வந்தபோது கொம்பையாவின் கால் தள்ளாடியது.

"நாக்கு ஒட்டுது... நல்ல தண்ணீர் ஒரு வாய்!"

"திறப்பு விழா இன்னும் ஆகலையே, தலைவரே!" என்றது விழாவுக்காகக் காத்திருந்த கொக்கு.

"விழாவைத் தூக்கி ஆற்றில் போடு!"

கொம்பையா கல்லைத் தள்ளினார். உடம்பில் பலம் இல்லை. கருமுத்துவும் வந்து முட்டித் தள்ளினார். கல் புரண்டது. இருவரும் ஊற்றில் வாய் வைக்கக் குனிந்தால், செவ்வந்தி குறுக்கே நின்றாள்.

"வரிசை, வரிசை! முதலில் நாற்பது குட்டிகள். அப்புறம்தான் நீங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

செவ்வந்தி சொட்டுச் சொட்டாகப் பொட்டுவின் வாயில் விட்டாள். மறுநாள் காலையில் பொட்டு காதை ஆட்டி, "அம்மா, பசிக்குது!" என்றாள்.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இது போதும் என்று சொல்பவர், அதை முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தக் கல் கிடக்கிறதே! உடம்பு தேறியதும் கொம்பையா அதை ஆசையாகத் தடவிப் பார்ப்பதைக் கிளி டீச்சர் கண்டுவிட்டாள். பறந்து வந்து அவர் தந்தத்தில் உட்கார்ந்தாள்.

"தலைவரே, பெயர் எழுதத்தானே இந்தக் கல்? நீங்க நொறுக்கின பாறைக்குப் பதிலா எங்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கொடுங்க. பிள்ளைகள் முதலில் அவங்கவங்க பெயரை எழுதிப் பழகட்டும்!"