பெரிய பிரின்டருக்குச் சுவர்ப் பிளக்

பாளையங்கோட்டையில் பிரிசில்லா டீச்சரின் வீட்டு மாடி அறைதான் அவருடைய அலுவலகம். ஆய்வேடு, அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் தயாராகும். டீச்சருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்து நான்கு. மில் மூடியதும் வந்து சேர்ந்தவர். சின்ன வயதுக்காரியிடம் சிஷ்யனாக இருப்பதில் அவருக்கு வெட்கமே இல்லை. இரண்டாவது சிஷ்யனாக இருப்பதுதான் தாங்கவில்லை.

இத்தனைக்கும் முதலில் வந்தவர் அவர்தான். நான்கு மாதம் கழித்து வந்தவள் மேலப்பாளையத்து நிலோஃபர். வந்த அன்றே அவளுடைய கம்ப்யூட்டரையும் சின்ன மை பிரின்டரையும் டீச்சர் யு.பி.எஸ்.ஸில் சொருகினார். கோமதிநாயகத்தின் பெரிய லேசர் பிரின்டர் மட்டும் சுவர்ப் பிளக்கில் கிடந்தது. கரண்ட் போனால் அது அப்படியே நின்றுவிடும். நிலோஃபருடையது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனுஷனுக்கு வயிறு எரியும்.

"லேசரை யு.பி.எஸ்.ல போடக்கூடாது அண்ணாச்சி" என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். கோமதிநாயகத்தின் காதில் அது, உமக்குக் கிடையாது என்றுதான் விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை. ஆறுமுகச்சாமி என்ற ஆய்வு மாணவர் ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவே ரத்து. கோமதிநாயகம் முன் அத்தியாயங்களை அச்சடித்துக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயத்தின் அட்டவணைகளை நிலோஃபர் திருத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் சாப்பிடக் கீழே போயிருந்தார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கரண்ட் போனது. லேசர் நின்றது. நிலோஃபரின் விரல்கள் நிற்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, வந்துரும்" என்றாள் அவள், நல்ல மனசோடுதான்.

நேற்று வந்தவள் எனக்குப் பொறுமை சொல்லிக் கொடுக்கிறாளா? கோமதிநாயகம் மேஜைக்கடியில் குனிந்தார். மை பிரின்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, யு.பி.எஸ்.ஸில் தன் லேசரைச் சொருகினார்.

லேசர் சூடாக ஆரம்பித்தது. யு.பி.எஸ். ஒரே ஒரு தடவை அலறியது. பிறகு எல்லாமே அணைந்துபோனது.

"அல்லாவே, சேவ் பண்ணலையே!" என்று நிலோஃபர் தலையில் கைவைத்தாள். பக்கத்தில் காத்திருந்த ஆறுமுகச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு டீச்சர் மேலே வந்தபோது கோமதிநாயகம் இன்னும் மேஜைக்கடியில்தான் இருந்தார். டீச்சர் அவர் பக்கத்தில் குனிந்தார். பிளக்குகளை இருந்த இடத்தில் மாட்டினார்.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது. நிலோஃபர் அட்டவணைகளை முதலிலிருந்து அடித்தாள். கோமதிநாயகம் நின்ற பக்கத்திலிருந்து அச்சடித்தார். நாலேகாலுக்கு ஆய்வேட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆறுமுகச்சாமி படியிறங்கி ஓடினார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. கொடுத்துவிட்டாராம்.

அப்போதுதான் கோமதிநாயகத்துக்கு வாய் வந்தது.

"தப்பு என்மேலதான் டீச்சர். ஆனா ஒண்ணு கேக்கணும். முதல்ல வந்தவன் நான். எனக்கு மட்டும் ஏன் சுவர்?"

டீச்சர் ஒரு மேஜை விளக்கை எடுத்துவந்து லேசருக்குப் பக்கத்துப் பிளக்கில் எரியவிட்டார். "ஒரு பக்கம் அடிங்க" என்றார்.

லேசர் சூடானது. விளக்கு மங்கி, மறுபடி பளிச்சென்றது.

"நிலோஃபர், நீ ஒரு பக்கம் அடி."

சின்ன பிரின்டரையும் சுவரில் மாட்டி ஓட்டினாள். விளக்கு அசையவில்லை.

"என் மெஷின் இவ்வளவு கரண்டா இழுக்கு?"

"சூடாகும்போது அவ மெஷின் முப்பது சேந்தாலும் இவ்வளவு இழுக்காது. யு.பி.எஸ். எப்படித் தாங்கும்? அதான் நேரா லைன்லேர்ந்து குடுத்திருக்கேன்."

வெட்கத்தையும் மீறி கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ அவளைவிட எனக்குத்தான் கூடக் குடுத்திருக்கிய!"

"அதைத்தான் அவளும் சொல்லுதா. அவருக்கு மட்டும் ஏன் பெரிய மெஷின்னு, வந்த நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா."

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். நிலோஃபர் குனிந்து மேஜையில் எதையோ தேடினாள். காதுமடல் சிவந்திருந்தது.

டீச்சர் விளக்கை அணைத்தார்.

"நாளையிலேர்ந்து மாத்திக்கிடுதியளா அண்ணாச்சி? யு.பி.எஸ். உங்களுக்கு. பெரிய மெஷின் அவளுக்கு."

கோமதிநாயகத்தின் கை தானாகப் போய் லேசரின் மூடியைப் பிடித்துக்கொண்டது.